இருமல் பாடம்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் போன் என்றால் பாதிப் பேச்சு அம்மாவின் காதுக்கு. அம்மா பக்கத்தில் இருந்தால் நீ 'ம்', 'சரி' தவிர வேறு சொல் பேசுவதில்லை. அதனால் கடிதம்.

அறை ஓர் அச்சகத்தின் மாடியில். ஜன்னலைத் திறந்தால் சுவர். காலையில் கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் மேஜையில் இருக்கும் தண்ணீர் நடுங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டே முகம் மழிக்கிறேன். யாரோடும் பேசாமல் இருப்பது இவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கொடுத்திருக்கும் பாடத்தின் பெயர் 'பண்பாடு, சமூகம், அரசியல்: ஓர் அறிமுகம்'. விருப்பப் பாடம். விருப்பப்பட்டு வந்தவர் யாரும் இல்லை. கணக்கில் இடம் கிடைக்காதவர்கள், கணினியில் இடம் கிடைக்காதவர்கள், காலையில் தாமதமாக வர வழி தேடியவர்கள். 'அரட்டை பீரியட்' என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளி முதல்வர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அரையாண்டு வரைக்கும் பாப்போம் தம்பி. பசங்க வேற பாடத்துக்கு மாறிட்டா இதை மூடிட வேண்டியதுதான்." என்னையும் சேர்த்துத்தான். அதை அவர் சொல்லவில்லை.

முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். இங்கே யார் எங்கே உட்கார வேண்டும் என்று யார் முடிவு செய்தது? கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் சொன்னான்: "ஃபேன்தான் சார்." எல்லோரும் சிரித்தார்கள். நான் மேலே பார்த்தேன். ஒரே ஃபேன். அதன் கீழே சத்தமானவர்கள், ஏற்கெனவே நண்பர்களானவர்கள். காற்று எட்டாத ஓரத்தில் யாரோடும் பேசாத சில பெண்கள். அவன் சொன்னது சரியான விடை. அங்கிருந்து எப்படி மேலே போவது என்று எனக்குத் தெரியவில்லை. பலகையில் 'அதிகாரம் என்பது' என்று எழுதினேன். உடனே எல்லா முகங்களும் அணைந்துவிட்டன.

நான் படித்ததெல்லாம் பெரிய சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது.

ஒன்று கேட்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துக்கே நீ பொறுப்பாளர். அங்கே யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்? அதை யார் முடிவு செய்தது? சும்மா எழுது.

அம்மாவுக்கு என் அன்பு.

தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அனைவரும் என்றால் நானும் அம்மாவும். முழங்கால் மழை வருமுன் வானிலை அறிக்கை வாசிக்கிறது, மற்றபடி தொந்தரவு இல்லை. நீ இளைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறாள். போய் இரண்டு வாரத்தில் இளைக்க அவன் என்ன சோப்பா என்று கேட்டேன். முறைத்தாள்.

உன் பாடம் எனக்குப் புரியவில்லை. யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதைப் பார்க்கவா உன்னை அத்தனை வருஷம் படிக்க வைத்தோம்? சரி, கேட்டதற்கு எழுதுகிறேன்.

எங்கள் கூடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில். வார்டுகளின் அழுக்குத் துணி டிராலியில் வரும். பிரிப்போம், வெளுப்போம், காயவைப்போம். பிறகு அது இஸ்திரி உருளைக்குப் போகும். உருளை என்றால் ஓர் ஆள் நீளம், உள்ளே நெருப்பாகக் கொதிக்கும். ஈரப் போர்வையை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். அதில் நிற்பவள் உருளைக்காரி. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எனக்குப் பொறுப்பாளர் பதவி வந்தது, அவளுக்கு உருளை வந்தது. அதற்காக அவள் என்னை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை. "வாடி மேலிடம்" என்பாள்.

துணி மடிக்கும் மேஜையில்தான் சாப்பாடு. தலைமாட்டு நாற்காலி அவளுக்கு. யாரும் முடிவு செய்யவில்லை, நின்று நின்று கால் வீங்குகிறவளுக்கு அதில்தான் கால் நீட்ட இடம். ரேடியோ என்று ஒருத்தி இருக்கிறாள், வாய் மூடாதவள். அவளைச் சுவரோரம் உட்காரவைப்போம், ஒரு பக்கத்துக் காதாவது மிச்சம். அப்புறம் புதுசு. அவள் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அடுத்த புதுசு வரும்வரை அவள்தான் புதுசு.

இன்னொன்று. இதைப் படித்துச் சிரிப்பாய். சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருத்தி "புதுப் போர்வை எண்ணணும்" என்பாள். புதுப் போர்வை வந்து எத்தனையோ காலமாயிற்று. துணி அறையில் போர்வை அடுக்குக்குப் பின்னால் ஒருவர் படுக்கும் அளவுக்கு இடம் உண்டு. அன்றைக்கு யார் முறையோ அவள் போய்க் கொஞ்சம் கண்ணை மூடுவாள். அவள் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு இது தெரியாது. அதாவது, எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் அந்த அறைக்குள் போகும்போது இருமிவிட்டுத்தான் போவேன். பதவிக்கு வந்த முதல் வாரம் நிஜமாகவே இருமல். சளி போன பிறகும் இருமுவதை நான் நிறுத்தவில்லை. இருமுவேன், கதவுக்கு வெளியே ஒரு மூச்சு நிற்பேன், உள்ளே போவேன். உருளைக்காரி அடுக்குக்கு முன்னால் நின்று போர்வை எண்ணிக்கொண்டிருப்பாள். கன்னத்தில் போர்வை மடிப்பின் கோடு பதிந்திருக்கும்.

"எத்தனை இருக்கு?" என்பேன்.

"நீ இருமினதுல மறந்துடுச்சு. திரும்ப முதல்ல இருந்து எண்ணணும்" என்பாள்.

போதுமா? இதில் பண்பாடு எது, அரசியல் எது என்று நீயே பிரித்துக்கொள். எங்களுக்குத் துணி பிரிக்கத்தான் தெரியும்.

வெந்நீர் குடி. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அம்மாவும் நலம்தானே. எனக்கு நலம் என்ற சொல் போதாது.

உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் எழுதியது என்று மட்டும் சொன்னேன். போர்வை எண்ணும் இடம் வந்ததும் சிரித்தார்கள். இருமல் வந்ததும் சிரிப்பு நின்றது. அந்த அமைதியை நான் என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டேன்.

அப்புறம் சண்டை. நிஜமான சண்டை.

"அவங்க இருமலன்னா இவங்க மாட்டிப்பாங்க. அப்ப அதிகாரம் அவங்ககிட்டதானே?"

"போடா. இவங்க தூங்கறாங்களே, அதனாலதானே அவங்க இருமறாங்க? மேலதிகாரியவே இரும வெச்சுட்டாங்க பாரு."

மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பலகையில் நான் எதையும் எழுதவில்லை. எனக்கு இப்போது ஒரு பட்டப்பெயர்கூடக் கிடைத்திருக்கிறது: 'அப்புறம் சார்'. யார் எது சொன்னாலும் அப்புறம், அப்புறம் என்று கேட்கிறேனாம்.

ஓர் இருமல். ஒரு மூச்சு நேரம் கதவுக்கு வெளியே நிற்பது. அந்த இடைவெளியில்தான் சமூகம் என்று ஒன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. பல்கலைக்கழகத்தில் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

இன்னும் எழுது. முதல் இருமலுக்குப் பிறகு அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? முறை எப்படி முடிவாகிறது? உருளைக்காரிக்கு மட்டும் ஏன் அடிக்கடி?

வெந்நீர் குடிக்கிறேன். பொய் சொல்லவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 6

அன்புத் தம்பிக்கு,

சுகம். அம்மாவும் சுகம். பதில் தாமதம், வார்டுகளில் காய்ச்சல் கூட்டம், துணி மலையாக வருகிறது.

என்னைப் பாடமாக்கிவிட்டாயே. அம்மாவிடம் சொன்னேன். "இவ இருமறதைக் கேக்கவா அவ்வளவு தூரம் போனான்?" என்றாள். ஆனால் அன்றைக்கு அவளே பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள், என் மக எழுதினதை என் மகன் பாடமா நடத்துறான் என்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருஷத்தில் நான் செய்வதைப் பார்த்து யாரும் யோசித்ததில்லை.

முறை எப்படி என்று கேட்டாய். முறையெல்லாம் பெயருக்குத்தான். வாரத்தில் பாதி நாள் அவரவர் முறையை உருளைக்காரிக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இரவில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், துடைக்க வேண்டும். அவள் படுக்கையில் தூங்கியே காலம் ஆயிற்று. தூக்கக் கலக்கத்தோடு உருளையில் நின்றால் துணியோடு கையும் போகும். ஒருமுறை போக இருந்தது, புதுசுதான் பிடித்து இழுத்தாள். அன்றிலிருந்துதான் விட்டுக்கொடுப்பது. இதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. "எனக்கு இன்னிக்குத் தூக்கம் வரலை, நீ போய் எண்ணு" என்பார்கள். அவளும் நன்றி என்று சொன்னதில்லை. சொன்னால் ரேடியோ அடிப்பாள்.

இதையும் வாசிப்பதென்றால் வாசி. அங்கே யாருக்கு எங்களைத் தெரியும்?

சட்டைப் பொத்தான் விழுந்தால் தைக்கத் தெரியுமா உனக்கு? ஊக்கு குத்திக்கொண்டு வகுப்புக்குப் போகாதே.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் உடம்பு எப்படி? எனக்குச் சளி, வந்தது, போய்விட்டது.

செய்தி. ஆசிரியர் சங்கம் இந்தப் பாடத்துக்குத் துணைநூலாக ஒரு சிறு புத்தகம் போட்டது. என்னையும் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் பாடம் என்னுடையது. உன்னுடையது. தலைப்பு 'இருமல்'. பிரதி ஒன்று இத்துடன்.

பயப்படாதே. ஊர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. 'ஒரு பெரிய நிறுவனத்தின் சலவைக்கூடம்' என்று மாற்றிவிட்டேன். எழுதியவன் என்று என் பெயரைத் தவிர யார் பெயரும் இல்லை. பட்டப்பெயர்களைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கொஞ்சம் வெறுமையாக இருந்தது. ஆனால் போர்வை எண்ணுவதையும் உருளையையும் இருமலையும் அப்படியே விட்டேன். அவை இல்லாவிட்டால் பாடமே இல்லை.

பாடத்தின் கடைசியில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன்: 'உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேலை செய்யும் இடத்தில் இப்படி ஒரு பழக்கம் உண்டா? அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.' இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டின்போது வாய் திறந்து கேட்பார்கள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்க வேண்டும்.

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டு, "அரையாண்டெல்லாம் வேணாம் தம்பி, பாடம் இருக்கும்" என்றார். யாரும் மாறிப் போகவில்லை. இரண்டு பேர் கணினியிலிருந்து இங்கே வந்திருக்கிறார்கள்.

எப்படி இருக்கிறது என்று படித்துவிட்டு எழுது. உன் அபிப்பிராயம்தான் எனக்கு வேண்டும்.

தம்பி


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் கிடைத்ததா? வேலை அதிகம் என்று நினைக்கிறேன். இல்லை, தபாலில் தொலைந்ததா? இன்னொரு பிரதி அனுப்பட்டுமா?

இங்கே மழை. அச்சகத்துக்குள் தண்ணீர் வந்து இரண்டு நாள் இயந்திரம் ஓடவில்லை. அமைதியில் தூக்கம் வரவில்லை. மேஜையில் தண்ணீர் நடுங்காமல் இருந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

புத்தகத்தை இப்போது நிறையப் பள்ளிகளில் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பக்கமும் வந்திருக்கும். எங்கெங்கோ முகம் தெரியாத பிள்ளைகள் உன் இருமலைப் பற்றி வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். நினைத்துப் பார்.

உருளைக்காரிக்குக் கால் வீக்கம் எப்படி? ரேடியோ இப்போது என்ன பாடுகிறது? கொஞ்சமாவது எழுது. என் வகுப்பும் கேட்கிறது.

தம்பி


நவம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

புத்தகம் வந்தது. நலம். அம்மா நலம். வேலை நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, காதை மூடிக்கொண்டு போ.

அக்கா


டிசம்பர் 8

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ நல்லா இருக்கணும். என் கால் பரவாயில்லை. கையெழுத்து கோணலா இருக்கும், படிச்சுக்கோ. உங்க அக்காவுக்குத் தெரியாம எழுதறேன், நீயும் சொல்லிடாதே.

அவ கொண்டுபோற சாப்பாடு அப்படியே திரும்பி வருது. ஒரு வாய்கூட எடுக்கலை. கேட்டா, பசிக்கலைங்கறா. ராத்திரி இங்க வந்து நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கறா. வேலைக்குப் போறப்போ பெரிய தெருவை விட்டுட்டுப் பின்பக்கமா சுத்திக்கிட்டுப் போறா. பெரிய தெருவுலதானே உருளைக்காரி வீடு, அந்த வழியே வேணாங்கறா.

உருளைக்காரி எப்படி இருக்கான்னு கேட்டேன். வேலைய விட்டுட்டா அப்படின்னா. விட்டாளா, விட வெச்சாங்களான்னு கேட்டேன். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா.

கடையில ரேடியோவைப் பாத்தேன். என்னைக் கண்டா கையைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டாளே அவ. சோப்பு விலை கேட்டுக்கிட்டு இருந்தவ, என்னைப் பாத்ததும் வாங்காமயே போயிட்டா.

அக்கா உனக்கு அனுப்பற கடுதாசியில ஏதாவது எழுதினாளா? அந்தப் புஸ்தகத்தை அலமாரியில சேலைக்கு அடியில வெச்சிருக்கா. முன்னே எல்லாருக்கும் காட்டலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தா.

நீ படிச்சவன். என்னன்னு பாரு.

அம்மா


டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உனக்கு வயிறு சரியில்லையா? சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் டாக்டரைப் பார். ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிறாய், மாடிப்படி ஏறினால் டாக்டர்.

மேலே எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்ட கோழை என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அரையாண்டுத் தேர்வில் உன் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வைத்தேன். 'இந்தச் சலவைக்கூடத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? காரணம் கூறுக.' விடைத்தாள்களைத் திருத்தினேன். எல்லாம் சரியான விடைகள். எல்லாம் என் வாக்கியங்கள். நான் வகுப்பில் தற்செயலாகச் சொன்ன சொற்கள்கூட, அதே வரிசையில். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை.

ஒரே ஒரு தாள். ஓரத்தில் உட்காரும் பெண்களில் ஒருத்தி. இந்த வருஷம் அவள் குரலை நான் கேட்டதில்லை. அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எனக்கு விடை தெரியவில்லை. இதை எழுதியவர் இதை எழுதிய பிறகும் அவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறாரா? அது தெரிந்தால் விடை சொல்ல முடியும்.'

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். மதிப்பெண் போடவில்லை. பூஜ்யமும் போட முடியவில்லை. அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

உன் நவம்பர் கடிதத்தை எடுத்து அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தேன். 'வேலை நலம்' என்று எழுதியிருக்கிறாய். நீ ஒருநாளும் வேலையை அப்படி எழுதியதில்லை.

அக்கா, நீ இப்போது எங்கே சாப்பிடுகிறாய்?

தம்பி


ஜனவரி 17

தம்பிக்கு,

அம்மா எழுதினாள் என்று தெரியும். தபால்தலை ஒட்டிய பசை மேஜையில் இருந்தது. அவளை ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் சுகம்.

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் நிர்வாகிக்கு ஒரு மகள். உன் வகுப்புப் பிள்ளைகள் வயதுதான். அவள் பள்ளியிலும் உன் புத்தகம். சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், உங்க ஆஸ்பத்திரியிலயும் சலவைக்கூடம் இருக்கே, அங்கயும் இருமறாங்களாப்பா என்று. நீ கேட்கச் சொன்னதைத்தான் கேட்டாள். நல்ல பிள்ளை, வீட்டுப்பாடம் செய்தாள்.

அவர் புத்தகத்தோடு கீழே வந்தார். கோபமாக வரவில்லை. சிரித்துக்கொண்டே வந்தார். "படிச்சுப் பாருங்க, நம்ம இடம் மாதிரியே இல்ல?" என்றார். நான் படிப்பது போல் பக்கத்தைப் புரட்டினேன். ஊர் இல்லை, பெயர் இல்லை, நீ சொன்னது சரிதான். ஆனால் இந்த ஊரில் உருளை வைத்த சலவைக்கூடம் ஒன்றுதான், அதன் பொறுப்பாளர் ஒருத்திதான். முகத்தை மறைத்துவிட்டு நடையை விட்டுவிட்டாய்.

"நம்ம இடத்துல அப்படியெல்லாம் எதுவும் இல்ல சார்" என்றேன்.

"எனக்கும் அதான் தோணுச்சு. வாங்க, சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வருவோம்."

சாப்பாடு முடிந்த நேரம். நடைவழியில் நானும் அவரும். துணி அறைக் கதவு. அவர் கைப்பிடியைத் தொடவில்லை. ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருமல் தொண்டை வரை வந்தது. இருமியிருக்கலாம். இருமினால் அது நான்தான் என்று ஆகிவிடும். இருமாவிட்டால் உள்ளே இருப்பவள் மாட்டுவாள். இதை யோசிக்கவெல்லாம் நேரம் இல்லை. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கதவைத் திறந்தேன், அவ்வளவுதான்.

அவள் போர்வை அடுக்குக்குப் பின்னால் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கால் செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். கண் திறந்ததும் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எழுந்து, "எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றாள். யாரும் எதுவும் கேட்காமலே.

அந்த வாரத்திலேயே அவளை அனுப்பிவிட்டார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. "உங்க தம்பி நல்லா எழுதறார்" என்று மட்டும் சொன்னார். துணி அறைக்குக் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. உருளையில் இப்போது புதுசு நிற்கிறாள்.

யாரும் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நான் மேஜைக்குப் போகும்போது சாப்பாடு முடிந்திருக்கும். கொஞ்சம் முன்னால் போனேன். அவர்கள் இன்னும் முன்னால் முடித்தார்கள். ரேடியோ பேசுவதில்லை. இயந்திரச் சத்தத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. தலைமாட்டு நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை.

நீ கேட்டதற்குப் பதில், நான் எங்கேயும் சாப்பிடுவதில்லை.

உன்மேல் கோபம் இல்லை. வாசி என்று சொன்னவள் நான்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 26

அக்கா,

நலம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சங்கத்துக்கு எழுதினேன், மூன்றாம் பாடத்தை எடுத்துவிடுங்கள் என்று. எல்லாப் பிரதியும் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில். முதல்வரிடம் சொன்னேன். "நல்லாத்தானே போயிட்டிருக்கு? அதுல என்ன தம்பி தப்பு?" என்றார். வகுப்பில் போய், மூன்றாம் பாடத்தைக் கிழித்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் கேட்டான்: "கிழிச்சிடறோம் சார். முழுப் பரீட்சைக்கு வராதுல்ல?"

கதவுக்கு வெளியே நிற்கும் அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பற்றி நான் எவ்வளவு எழுதினேன். அதில் நீ நின்றுகொண்டிருந்தாய் என்பதை மறந்துவிட்டேன்.

பாடத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். விட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருந்தால் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்றும் தெரியவில்லை.

நான் வரட்டுமா? உருளைக்காரி வீட்டுக்குப் போய், எழுதியவன் நான், உங்களைக் கேட்காமல் எழுதினேன் என்று சொல்லட்டுமா? நிர்வாகியைப் பார்த்துப் பேசட்டுமா? நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்கு வெயில் வந்ததும் முழங்கால் இளகிவிட்டது, நடக்கிறாள்.

வராதே. நீ வந்து மன்னிப்புக் கேட்டால் அவள் உன்னை உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுக்காதே. நிர்வாகியைப் பார்த்தேன். திரும்ப எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை உட்காரச் சொல்லவில்லை. அது நடக்காது, தம்பி. பாடத்தை விடுவதும் விடாததும் உன் இஷ்டம். ஆனால் நான் காரணம் என்று சொல்லாதே.

போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போனேன். பெரிய தெரு வழியாகவே போனேன்.

சிறிய வீடு, உனக்குத் தெரியும். வாசலை ஒட்டி மேஜை போட்டு, அக்கம்பக்கத்துச் சட்டைகளை வாங்கி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உருளையில் நின்றவளுக்குச் சின்ன இஸ்திரிப் பெட்டி கைக்குப் பழகவில்லை. அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

என்னைப் பார்த்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வாங்க" என்றாள். என்னை. 'வாடி மேலிடம்' என்று கூப்பிட்டவள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பேச எதையெதையோ மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். கதவுக்கு வெளியே என்ன நடந்தது என்று மட்டும் சொன்னேன், உனக்கு எழுதினேனே, அதை. நான் அழவில்லை. அவள் ஒரு சட்டையை எடுத்துக் காலரை விரித்தாள். தேய்க்காமல் அப்படியே வைத்தாள்.

"இதையும் எழுதுவீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

பிறகு மேஜையில் இருந்த துணியை ஒதுக்கி, ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். அந்த அறையில் படுத்திருந்தபோது கதவு திறந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பெட்டி ஆறிப்போயிற்று. இடையில் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க நானும் ஒரு கை பிடித்தேன். மறுபடி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா